தட்டும் முள்ளும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ரெடிஃபியூஷன் பெட்டியைப் பற்றி, அதாவது கம்பி வழி வரும் அந்தக் கால வானொலியைப் பற்றி, நாலு வரி எழுதினேன். அதன் பலனாக இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அறுபதுகளின் சிங்கப்பூர் பாப் பாட்டுகளைப் பற்றியே இருக்கின்றன. திரைப்பாட்டு கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐயா, என் அம்மா பிறந்தநாள் வந்தாலே ‘ஹேப்பி ஹேப்பி பர்த்டே பேபி’ என்று ஒரு ஆங்கிலப் பாட்டை முணுமுணுப்பார். சோகமான மெட்டு. அது ‘நம்ம ஊர்ப் பெண் நயோமி பாடியது’ என்கிறார். கைப்பேசியில் தேடினால் ஏதோ அமெரிக்கக் குழு வருகிறது. யார் சொல்வது சரி?
– வாசகி, ஈசூன்

அம்மா சொல்வதும் சரி, கைப்பேசி சொல்வதும் சரி. அந்தப் பாட்டை 1957-இல் அமெரிக்காவில் டியூன் வீவர்ஸ் என்ற குழு பாடியது. 1965-இல் இங்கே நயோமி அண்ட் த பாய்ஸ் என்ற குழு பிலிப்ஸ் கம்பெனிக்காக அதையே பாடிக் கொடுத்தது. பாடியவர் நயோமி சூரியா. கிதார் வாசித்தவர் அவருடைய சகோதரர் ராபர்ட் சூரியா. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அந்த இசைத்தட்டு போட்ட போட்டில், அமெரிக்கத் தட்டு ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் போனது.

பெயரைக் கேட்டுவிட்டு இதைக் கேக் வெட்டும் பாட்டு என்று நினைத்து வீட்டு விசேஷத்தில் போட்டுவிடுபவர்கள் உண்டு. விட்டுப் போன காதலனுக்கு, அவன் இப்போது வேறொருத்தியோடு இருக்கிறான் என்று தெரிந்தே சொல்லும் வாழ்த்து அது. அமெரிக்கத் தட்டில் பின்னால் நிற்பவர்களின் குரல்கள் பாடகியைத் தாங்கிப் பிடிக்கும். நயோமியின் தட்டில் அந்தத் தாங்கல் குறைவு. கிதார் பாட்டுக்கு நடக்கும், அவர் அழாமல் பாடுவார். எனக்கு இதுதான் பிடிக்கும். ஊர்ப்பாசம் என்று சொல்லுங்கள், மறுக்கவில்லை.

உங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அவர் முதலில் கேட்டது வானொலியிலா, ரெடிஃபியூஷனிலா, கடையிலா? அடுத்த வீட்டு ஜன்னல் வழியாகவா? அப்போது எந்தக் கம்பத்தில் (கிராமத்தில்) குடியிருந்தார்? பாட்டைத் தேடித் தர நூறு பேர் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

இங்கே கிதார்க் குழுக்கள் எல்லாம் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் வந்ததிலிருந்துதான் ஆரம்பம் என்று ஒரு பெரியவர் அடித்துச் சொல்கிறார். ஒரு ஆள் வந்து பாடிவிட்டுப் போனால் ஊரே கிதார் தூக்குமா?
– தேக்கா வாசகர்

கொஞ்சம் மிகைதான், ஆனால் பெரியவரை ரொம்ப விரட்டாதீர்கள். அதற்கு முன்பும் இங்கே வாத்தியக் குழுக்கள் இருந்தன. நியூ வோர்ல்ட், கிரேட் வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காக்களின் கேபரேக்களில் ஊதுகுழல், சாக்சபோன், பியானோ எல்லாம் முழங்கின. அதற்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டும், சூட்டு தைக்க வேண்டும், வயதும் வேண்டும்.

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய வாத்தியக் குழுவான ஷேடோஸும் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் மேடை ஏறினார்கள். நான் அப்போது கடற்படைத் தளக் கோட்டர்ஸில் வளர்ந்துகொண்டிருந்த பொடியன், டிக்கெட்டுக்கு ஏது வழி? போய் வந்த அண்ணன்மார்கள் சொன்னதில் எனக்கு நினைவிருப்பது கிளிஃப் இல்லை, பின்னால் நின்ற ஷேடோஸ்தான். மூன்று கிதார், ஒரு டிரம். ஒருவர் மெட்டை வாசிக்க, இன்னொருவர் தாளத்துக்கு வெட்ட, மூன்றாமவர் கீழ்ஸ்தாயியைப் பிடித்துக்கொள்ள, காரியம் முடிந்தது. பாடகரே இல்லாமல்கூட ஒரு பாட்டு நிற்கும் என்று அன்றைக்குத்தான் பையன்களுக்குத் தெரிந்தது. எங்கள் வரிசையில் ஒருவர் பிளைவுட்டை அறுத்துத் தானே கிதார் செய்தார். அதன் சத்தத்தைப் பற்றி அவருடைய அம்மா சொன்ன கருத்தைப் பத்திரிகையில் போட முடியாது.

இரண்டு மூன்று வருடத்துக்குள் என்ன ஆனது என்பதற்கு ஒரு தட்டே சாட்சி. குவெஸ்ட்ஸ் என்ற குழு குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் படித்த பையன்கள் தொடங்கியது. 1964-இல் இஎம்ஐ கம்பெனி அவர்களுடைய ‘ஷாண்டி’யை வெளியிட்டது. வாய்ப்பாட்டே கிடையாது, கிதார் மட்டும். சிங்கப்பூரின் பிரபலப் பாட்டு வரிசையில் அது பீட்டில்ஸின் ‘ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்’ பாட்டை முதலிடத்திலிருந்து இறக்கியது. குவெஸ்ட்ஸின் கிதார்க்காரர் ரெஜி வர்கீஸ் பிற்பாடு மற்றவர்களின் தட்டுகளுக்குத் தயாரிப்பாளராகவும் இருந்தார். அந்தப் பெயரை நீங்கள் தட்டுகளின் பின்னட்டையில் அடிக்கடி பார்க்கலாம்.

கிரெசெண்டோஸ் குழுவில் பாடிய சூசன் லிம் பிறகு என்ன ஆனார்? என் அக்காவின் பள்ளிக்காலக் கனவே அவர்தான்.
– வாசகர், ஜொகூர் பாரு

கிரெசெண்டோஸ் பையன்கள் குழுவாக இருந்தது. பள்ளி மாணவியான சூசன் வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு முகம் கிடைத்தது. 1963-இல் பிலிப்ஸ் வெளியிட்ட ‘மிஸ்டர் டுவிஸ்டர்’ அவருடைய பாட்டு. வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று நம் ஊர்க் குழுவோடு ஒப்பந்தம் போட்டது அவர்களிடமிருந்துதான் ஆரம்பம் என்று சொல்வார்கள். சூசன் படிப்பை விடவில்லை. திரங்கானு கடற்கரையில் ஓர் அலை அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சின்ன வயது.

அக்காவிடம் பார்த்துச் சொல்லுங்கள். தெரியாமல் இருந்தால் அதிர்ச்சியாக இருக்கும்.

தாத்தா, எனக்கு 24 வயது. மலாய் நண்பன் மூலம் ‘பாப் யே யே’ பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கிருந்து தொடங்கிக் கேட்கலாம்?
– தம்பி ஒருவர், உட்லண்ட்ஸ்

தாத்தா என்று எழுதியதை மன்னித்தேன்.

பீட்டில்ஸ் பாட்டில் வரும் ‘யே யே’தான் அந்தப் பெயருக்கு மூலம். மலாய்ப் பாட்டு அதுவரை திரைப்படத்தோடும் அஸ்லி, ஜோகெட் தாளங்களோடும் போய்க்கொண்டிருந்தது. மலாய்ப் பட நடிகரும் பாடகருமான பி. ரம்லி 1964-இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்குப் போனார். அதே சமயத்தில் இங்கே மலாய் இளைஞர்கள் கிதாரைத் தூக்கினார்கள். அந்தக் குழுக்களைத்தான் ‘குகிரான்’ என்பார்கள். எம். ஒஸ்மானின் ‘சுசானா’வை முதல் பாட்டு என்று பலரும் சொல்வார்கள். முதலா இரண்டாவதா என்று சண்டை போடுபவர்களிடம் நான் போவதில்லை.

நீ ஏ. ரம்லியும் ரிதம் பாய்ஸும் தந்த ‘ஓ பாத்திமா’வில் தொடங்கு. அப்புறம் ஜெஃப்ரிடின், சிக்லாப் ஃபைவ். அதற்கடுத்து கஸ்ஸிம் சலாமத்தும் ஸ்வாலோஸும் பாடிய ‘லா ஓபே’. இது மலாய்கூட இல்லை, பவேயன் தீவிலிருந்து வந்து குடியேறிய போயான் மக்களின் மொழி. வீட்டில் பேசும் மொழியில் மின்சார கிதார் போட்டுப் பாடலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஒரு தட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஏன் என்று நீயே யோசி.

பெண் குரல் வேண்டுமானால் 1968-இல் வந்த ஷரிஃபா அய்னியின் முதல் தட்டைத் தேடு. யே யே அலை அடங்கப் போகும் நேரத்தில் வந்தவர். குரலில் வயதுக்கு மீறிய நிதானம். சீனப் பக்கம் போனால் ரீட்டா சாவ், சக்குரா தெங் இருவரும். சக்குரா நடுவில் யோடல் செய்வார், அதாவது குரலைச் சட்டென்று மேலும் கீழும் உடைத்துப் பாடுவார், முதல் தடவை கேட்டால் சிரிப்பு வரும், மூன்றாவது தடவை நீயும் குளியலறையில் முயன்று பார்ப்பாய்.

பழைய மலாய் ஈபி (சில பாட்டுகள் கொண்ட சிறிய இசைத்தட்டு) ஒன்று கிடைத்தது. உறை இல்லை. லேபிளில் பாடகர் பெயரும் பாட்டுப் பெயரும் இருக்கின்றன, வாசித்த குழுவின் பெயர் இல்லை. கிதார் அபாரம். யார் வாசித்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், பினாங்கு

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. பரிசு ஒன்றும் கிடையாது.

தட்டு வேட்டையாடுபவர்களில் பெரும்பாலோர் பாட்டு கிடைத்ததும் வேட்டை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு அங்கேதான் ஆரம்பம். கம்பெனிகள் பாடகரின் பெயரைப் பெரிதாகப் போட்டன. குழுவுக்குப் பெயர் இருந்தால் அதையும் போட்டன. ஸ்டூடியோவில் ஒரு மதியம் வந்து வாசித்துவிட்டுப் போன பையனின் பெயரை எவரும் எழுதவில்லை. ஸ்டைலர்ஸ் மாதிரி ஒரு குழு எத்தனை சீனப் பாடகர்களுக்குப் பின்னால் வாசித்தது என்று எண்ணி முடியாது. ஒருவர் இரண்டு குழுக்களில் இருப்பார், ஒரு குழு இரண்டு பெயர்களில் பதிவு செய்யும்.

சரி, வழி சொல்கிறேன். முதலில் தட்டை விளக்கில் சாய்த்துப் பிடியுங்கள். லேபிளுக்கும், முள் ஓடும் கடைசி வரிக்கும் நடுவே வழவழப்பான இடத்தில் ஓர் எண் கீறியிருக்கும் அல்லது பொறித்திருக்கும். அதுதான் தட்டின் உண்மையான அடையாளம். லேபிளை மாற்றி மறுபடி அச்சடித்தாலும் பெரும்பாலும் அந்த எண் மாறாது. அந்த எண்ணை வைத்து உறையோடு உள்ள இன்னொரு பிரதியைத் தேடுங்கள். நம் பக்கத்து ஈபிகளில் பின்னட்டை பொன் மாதிரி. குழுவின் படமும், சமயத்தில் ஆளுக்கு ஒரு வரி அறிமுகமும் இருக்கும்.

இரண்டாவது, பழைய செய்தித்தாள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்பதிவாக்கி இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது, நம் தமிழ் முரசு உட்பட. பாடகரின் பெயரைத் தேடாதீர்கள், அவர் எங்கே போய்விடப் போகிறார்? நடன விருந்து விளம்பரங்களைத் தேடுங்கள். ஆர்ச்சர்ட் ஹோட்டலின் கோல்டன் வீனஸ் கிளப், தேசிய அரங்கு நிகழ்ச்சிகள், வானொலியின் டேலண்ட்டைம் போட்டி. யார் யாரோடு ஒரே மேடையில் நின்றார்கள் என்பது அந்தக் கட்டம் போட்ட சின்ன விளம்பரங்களில்தான் இருக்கிறது.

மூன்றாவது, ஆட்கள். இது கொஞ்சம் அவசரமான வழி, ஏனென்றால் அந்தப் பையன்களுக்கு இப்போது எழுபத்தைந்தும் எண்பதும். போய்ப் பாருங்கள், ஆனால் ‘இந்தப் பாட்டில் வாசித்தது நீங்களா?’ என்று நேராகக் கேட்காதீர்கள். பாதிப் பேர் மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வாசித்தவருடைய இடது கை விரல்கள் தானாக நகரும். இந்தச் சோதனை இதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

எண்ணையும் லேபிளின் படத்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள். கேட்கச் சில காதுகள் இருக்கின்றன.

தாத்தா விட்டுப்போன பெட்டியில் 78 தட்டும் ஈபியும் கலந்து கிடக்கின்றன. வெள்ளைப் பூஞ்சை. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
– வாசகி, கிள்ளான்

நிறுத்துங்கள்! கையில் இருக்கும் பாட்டிலைக் கீழே வையுங்கள்.

78 தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு, அரக்கில் செய்தது. ஸ்பிரிட், ஆல்கஹால் எது பட்டாலும் கரையும், தட்டோடு பாட்டும் போய்விடும். காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் ஒரே ஒரு சொட்டு மென்மையான சோப்பு, மெல்லிய துணி. வரிகள் ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே கூடாது. லேபிளில் தண்ணீர் படக் கூடாது. ஈபி வினைல், அதற்கும் இதே முறை போதும். பூஞ்சையை முதலில் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டிவிடுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. பழைய காகித உறைகளைப் பூஞ்சை விடாது, ஆகவே தட்டுகளுக்குப் புது உள்ளுறை வாங்கிப் போட்டு, படம் போட்ட வெளியுறையைத் தனியாக உலர வையுங்கள்.

78-க்கும் ஈபிக்கும் ஒரே முள்ளைப் போடாதீர்கள். 78-இன் வரி அகலம், அதற்குரிய முள் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். மெல்லிய முள் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசி இரைச்சலைத்தான் வாசிக்கும். அறுபதுகளின் ஈபி பெரும்பாலும் மோனோ, அதாவது ஒற்றை ஒலிப்பாதை. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், கரகரப்பில் ஒரு பங்கு அங்கேயே குறையும். பெட்டியை அடுக்கும்போது படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். நம் ஊர் வெயிலில் கார் பூட்டில் மட்டும் ஒரு மணி நேரம்கூட வேண்டாம்.

சுங்கை ரோடு சந்தையில் ஒரு காலத்தில் சில வெள்ளிக்கு வாங்கிய ஈபிக்கு இப்போது கடையில் நூற்றுக்கணக்கில் சொல்கிறார்கள். நியாயமா?
– வாசகர், தோ பாயோ

சுங்கை ரோடு 2017 ஜூலையில் மூடியாயிற்று. தரையில் துணி விரித்து உட்கார்ந்த அந்த அங்கிள்களோடு அந்த விலையும் போனது. இப்போது அடெல்ஃபி கட்டடத்துக் கடைகள், எல்லை தாண்டினால் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை. வாடகை கட்டுகிறவர் விலை சொல்லத்தான் செய்வார்.

என் கணக்கு வேறு. கீறல் இல்லாத பிரதிக்குத்தான் அந்த விலை. கீறல் விழுந்ததை எடுங்கள். நிறைய ஓடிய தட்டு என்றால் அந்த வீட்டில் யாருக்கோ அது பிடித்திருந்தது என்று அர்த்தம். சில உறைகளில் பேனாவால் பெயரும் தேதியும் எழுதியிருக்கும். வியாபாரிகள் அதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். நான் அதைத் தேடி வாங்குகிறவன்.

யூடியூபில் எல்லாமே இருக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு?
– சிராங்கூன் வாசகர்

நானும் கேட்கிறேன். ஆனால் பல பாட்டுகள் எழுபதுகளில் வந்த திருட்டு கேசட்டிலிருந்து ஏற்றியவை, வேகம் பிசகி அரை ஸ்வரம் இறங்கிக் கிடக்கின்றன. பாடகர் பெயர் மாறி, வருடம் மாறி, வேறு குழுவின் படத்தோடு இருக்கும். ஒருவர் தப்பாகப் போட, பத்துப் பேர் அதையே எடுத்துப் போட, கடைசியில் தப்பே வரலாறாகிவிடும்.

இவ்வளவு பெரிய அலை எழுபதுகளில் ஏன் சட்டென்று நின்றது? அரசாங்கம்தான் காரணம் என்கிறார்களே?
– வாசகர், புக்கிட் பாஞ்சாங்

ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறவரை நம்பாதீர்கள். 1967-இல் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, வந்தது. பதினெட்டு வயதுப் பையன்களின் குழு என்றால் முதலில் டிரம்மர் போவார், அவர் திரும்புவதற்குள் கிதார்க்காரர் போவார். பிறகு பிரிட்டிஷ் படைகள். செம்பவாங், சிலேத்தார், சாங்கி, தெங்கா தளங்களின் கிளப்புகள் எத்தனையோ குழுக்களுக்குச் சோறு போட்டன. 1968 ஜனவரியில் லண்டன் வெளியேறப் போவதாக அறிவித்தது, 1971 முடிவதற்குள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். எங்கள் கோட்டர்ஸிலும் அந்த வருடங்களில் வேலையைப் பற்றித்தான் பேச்சு, பாட்டைப் பற்றி யார் பேசினார்கள்? அதோடு டிஸ்கோ. ஐந்து பேருக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிடத் தட்டு போடும் ஒருவருக்குக் கொடுப்பது மலிவு.

அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. நடன விருந்துகளுக்குக் கெடுபிடி வந்தது. நீளமுடி ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டினார்கள். முடி புருவத்தைத் தொட்டாலோ, காதை மறைத்தாலோ, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினாலோ நீளமுடி என்று படம் போட்டே விளக்கினார்கள். 1972-இல் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பெலினே அதனால் இங்கே இறங்கிப் பாட முடியாமல் திரும்பியது. என் முடி அப்போது எப்படி இருந்தது என்று மனைவியிடம் கேட்காதீர்கள்.

எங்கள் பெரியப்பாவின் ஆல்பத்தில் நாலு பையன்கள் கிதாரோடு நிற்கும் படம் இருக்கிறது. பெரியப்பா இல்லை. யார் எவர் என்று தெரியவில்லை. தூக்கிப் போடவும் மனமில்லை.
– வாசகி, ஈப்போ

போடாதீர்கள். படத்தை ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்கவும் வேண்டாம், பழைய பசை பிரியும்போது முகத்தோடு பிரியும். அப்படியே கைப்பேசியில் நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். டிரம்மின் முன்தோலைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழுவின் பெயரை அங்கேதான் எழுதுவார்கள். பின்னால் திரைச்சீலை, மேடைப் பலகை, ஸ்டூடியோ முத்திரை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பெரியம்மாவோ அத்தைமார்களோ இருந்தால் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மறுபக்கம் பதிந்துவிடும். சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படத்தை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால் வெளியிடச் சொல்கிறேன். ஈப்போவில் தெரியாவிட்டாலும் தைப்பிங்கில் ஒருவருக்குத் தெரியும்.

உங்களிடம் இருக்கும் தட்டுகளை விற்பீர்களா?
– பெயர் போட வேண்டாம் என்றவர்

மாட்டேன். வீட்டுக்கு வந்து கேட்கலாம். ஞாயிறு மதியம், கை கழுவிவிட்டு.